லேக்கா (நெட் தாமதமா), கள்ளாட்டமா? பிள்ளைகள் ஆன்லைன் செஸ் போட்டிக்கு விதி எழுதுறதுக்கு முன்னால

பாளை_யானை | பதிவு 1

அரையாண்டு லீவுல பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆன்லைன்ல ஒரு ஸ்விஸ் போட்டி (யாரும் வெளியேறாம, ஒவ்வொரு ரவுண்டும் ஒத்த புள்ளிக்காரங்க மோதுறது) வைக்கலாம்னு இருக்கு. அம்பை, கல்லிடை, வள்ளியூர், திசையன்விளை, பாளை, தென்காசின்னு எல்லாப் பக்கமும் சேத்து 40 பேர். லிச்சஸ்ங்கிற செஸ் தளத்துல 7 ரவுண்டு. நேரம் 3+0 (ஆளுக்கு 3 நிமிசம் மட்டும்) வைக்கவா, 10+5 (10 நிமிசம், நகர்வுக்கு 5 செகண்ட் கூடும்) வைக்கவான்னு முடிவாகல. இந்த மாதிரிப் போட்டின்னா ரெண்டு புகார் கட்டாயம் வரும். "நான் காய வச்சிட்டேன், என் கடிகாரம் நிக்கவே இல்ல"ன்னு ஒண்ணு. "அவன் எஞ்சின் (நகர்வு கணிச்சிச் சொல்லுற செஸ் மென்பொருள்) வச்சி ஆடுதான்"னு இன்னொண்ணு. ரெண்டுக்கும் முன்கூட்டியே எழுத்துல விதி வேணும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. பொத்தாம் பொதுவா "நல்ல நெட் போடுங்க" மட்டும் வேண்டாம்.

கேபிள்_குதிரை | பதிவு 2

முதல் புகாருக்கு நான் வாரேன் அண்ணாச்சி. ஒரு விசயம் பெற்றோர் எல்லாருக்கும் தெரியணும்: கடிகாரம் ஓடுறது பிள்ளையோட போன்ல இல்ல, தளத்தோட சர்வர்ல. திரையில தெரியுறது ஒரு மதிப்பீடுதான். விரல எடுத்த நொடியில இங்க நின்ன மாதிரி இருக்கும், ஆனா நகர்வு சர்வருக்குப் போய்ச் சேந்த பிறகுதான் உண்மையில நிக்கும்.

லிச்சஸ் சர்வர் பிரான்சுல இருக்கு. கண்ணாடி இழையில ஒளி 1 மில்லிசெகண்டுக்கு 200 கிலோமீட்டர் ஓடும். நெல்லையிலருந்து சென்னையோ மும்பையோ போய், கடல் கேபிள்ல செங்கடல் வழியா ஐரோப்பா போய்ச் சேர 10,000 கிலோமீட்டர் பக்கம் வருது. போயிட்டுத் திரும்ப 20,000. அதுக்கே 100 மில்லிசெகண்ட் ஆச்சு. நடுவுல உள்ள ரவுட்டர்களையும் சேத்தா 150-லருந்து 200 காட்டுச்சின்னா அது நல்ல லைன். இதை எந்த பிளான் போட்டாலும் 20-க்குக் கொண்டாற முடியாது, "300 எம்பிபிஎஸ் போட்டிருக்கோம்"னு சொல்லிப் பிரயோசனம் இல்ல. ஒரு நகர்வு சில நூறு பைட்டுதான். வேகம் வேற, தாமதம் வேற.

150 இருக்கதுல தப்பில்ல. 150, 160, 155, 900, 150, 1400 அப்படின்னு குதிச்சா அதுதான் வினை. அதை எங்க குதிக்கிதுன்னு கண்டுபிடிக்க மூணு படி:

விண்டோஸ்ல கமாண்ட் பிராம்ப்ட் திறங்க. பிங்னு அடிச்சி இடைவெளி விட்டு 192.168.1.1 (சில ரவுட்டர்ல 192.168.0.1, ரவுட்டருக்கு அடியில ஒட்டியிருக்கும்), மறுபடி இடைவெளி, ஒரு சின்னக் கோடு, அதை ஒட்டி 'என்' எழுத்து, இடைவெளி, 100. நூறு தடவை ரவுட்டர மட்டும் தட்டிப் பாக்கும். 1-லருந்து 5 மில்லிசெகண்ட் வரணும். இங்கயே 80, 200-ன்னு குதிச்சா கோளாறு வீட்டுக்குள்ள, வைஃபைல. கேபிள்காரர வையாதீங்க.

அது சரியா இருந்தா இதையே 8.8.8.8-க்கு (வெளிய உள்ள கூகுள் சர்வர்) அடிங்க. இதுல பொட்டலம் (அனுப்புற தரவுத் துண்டு) தொலைஞ்சா லைன் கோளாறு. கடைசில 'லாஸ்ட்'னு ஒரு கணக்கு வரும், அது 0 இருக்கணும். 1, 2 சதவீதம் தொலைஞ்சாலே செஸ்ஸுல தெரியும். யூடியூப் முன்கூட்டியே இறக்கி வச்சிக்கிடும், அதனால மறைச்சிரும். செஸ்ஸுல தொலைஞ்ச பொட்டலம் திரும்ப வார வரைக்கும் அதுக்குப் பின்னால உள்ளதும் வரிசையில நிக்கும்.

ரெண்டும் சரின்னா லிச்சஸ் தளத்துலயே லேக் பக்கம் ஒண்ணு இருக்கு. சர்வர் தாமதம் தனியா, உங்க நெட் தாமதம் தனியா காட்டும். சர்வர் மேல பழி போடுறதுக்கு முன்னால அதைப் பாருங்க.

வள்ளியூர்_பிஷப் | பதிவு 3

சர்வர் மேல பழியே போடக் கூடாதுன்னும் இல்லையே. 2023 ஜனவரில செஸ்.காம் தளம் திணறினதை அவங்களே அறிக்கை விட்டு ஒத்துக்கிட்டாங்க. ஒரே நாள்ல 1 கோடிப் பேருக்கு மேல உள்ள வந்தாங்க, டேட்டாபேஸ் தாங்கல. அப்ப பிள்ளைக வீட்டு ரவுட்டர 10 தடவை அணைச்சிப் போட்டாலும் என்ன ஆகப் போவுது?

கேபிள்_குதிரை | பதிவு 4

சரிதான், மறுக்கல. கடல் கேபிள் அறுந்தாலும் அப்படித்தான். 2024-ல செங்கடல்ல கேபிள் அறுந்தப்ப இங்கருந்து ஐரோப்பா போற தரவு சுத்துப் பாதையில போச்சி. அடையாளம் லேசானது: எல்லாருக்கும் ஒரே நேரத்துல அடிச்சா அது வெளிய. ஒரு பிள்ளைக்கு மட்டும்னா அந்த வீட்டுல. போட்டி நடத்துறவங்க வாட்ஸ்அப் குழுவுல "இப்ப யாருக்கெல்லாம் நிக்குது?"ன்னு கேட்டா ஒரு நிமிசத்துல தெரிஞ்சிரும்.

அம்பை_சிப்பாய் | பதிவு 5

ஒரு சந்தேகம். எதிராளி கடிகாரம் 0:41-னு ஓடிட்டு இருக்கும், அவன் காய வச்ச உடனே 0:42-னு ஏறும். இன்கிரிமென்ட் (நகர்வுக்கு நகர்வு கூடுற செகண்ட்) இல்லாத ஆட்டத்துலயும் ஏறுது. இது ஏதும் ஹேக்கா?

கேபிள்_குதிரை | பதிவு 6

ஹேக் இல்ல தம்பி, அதுக்குப் பேர் லேக் ஈடு. அவன் நகர்வு வழியில சுணங்கின நேரத்தை சர்வர் அவனுக்குத் திருப்பிக் குடுக்குது. உன் திரை அதுவரைக்கும் மதிப்பீடா இறக்கிட்டே வந்திருக்கும், சரிக்கணக்கு வந்ததும் ஏத்திக் காட்டும். உனக்கு சுணங்கினா உனக்கும் இதே கணக்குதான், அவன் திரையில நீ ஏறுவ.

ஆனா இதுக்கு அளவு உண்டு. நகர்வுக்கு இவ்வளவுன்னு ஒரு ஒதுக்கீடு. செலவழிக்காதது கொஞ்சம் சேந்து கிடக்கும், அதுவும் ஒரு எல்லை வரைக்கும்தான். புல்லட்டுல (3 நிமிசத்துக்கும் குறைஞ்ச ஆட்டம்) ஒதுக்கீடு இன்னும் கம்மி. எல்லை இல்லைன்னா வேணும்னே வயர உருவி உருவி யோசிப்பானே. அதனால 0.16 செகண்ட் தாமதம் 40 நகர்வுக்கு 6.4 செகண்ட் வந்தாலும் அது உங்க கணக்குல ஏறாது. ஒரே நகர்வுல 7 செகண்ட் நின்னா பெரும்பகுதி உங்க தலைலதான்.

இதனாலதான் 3+0 வைக்காதீங்கன்னு சொல்லுதேன். இன்கிரிமென்ட் இல்லாம கடைசி 5 செகண்ட்ல ஒரு தடவை நின்னா சோலி முடிஞ்சிது. 10+5-ல அதே தடங்கல் ரெண்டு நகர்வுல ஆறிப் போகும்.

பாளை_யானை | பதிவு 7

10+5 முடிவு பண்ணியாச்சி. 7 ரவுண்டு ஒரே நாள்ல இழுக்குமே, ரெண்டு நாளாப் பிரிச்சிருவோம். வீட்டுல என்னென்ன சரி பண்ணச் சொல்லணும்?

தென்காசிச்_சாரல் | பதிவு 8

நான் போடுதேன், அடிக்கடி பாக்குற கோளாறு வரிசையில.

வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ்ல பக்கத்து வீட்டு ரவுட்டர்களோட மோதல். ஒண்ணோடொண்ணு மோதாத சேனல் 1, 6, 11 மூணுதான். தெருவுல எட்டு ரவுட்டர் இருந்தா என்ன ஆகும்? 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தா அதுக்கு மாத்துங்க, ஆனா ரவுட்டர் இருக்க ரூம்லயே உக்காரணும், அது சுவரைத் தாண்டுனா சவுங்கிரும். லேப்டாப்னா லேன் கேபிள் போட்டுருங்க, 5 மீட்டர் வயருல பாதி புகார் தீந்துரும்.

வீட்டுல அண்ணன் போன் போட்டோவெல்லாம் கூகுளுக்கு ஏத்திட்டு இருக்கும். அப்லோட் அடைச்சிட்டா நகர்வு அதுக்குப் பின்னால கியூவுல நிக்கும். போட்டி நேரத்துல பேக்கப், அப்டேட், டிவி பெட்டி மூணையும் நிறுத்துங்க.

போன்ல ரேம் 3 ஜிபின்னா மத்த ஆப் எல்லாத்தையும் மூடணும். இல்லைன்னா ஆண்ட்ராய்டே பிரவுசரப் பின்னால தள்ளிக் கொன்னுரும், திரும்பி வந்தா பக்கம் முதல்லருந்து லோடு ஆகும். பேட்டரி சேவர் கண்டிப்பா அணைச்சிருக்கணும். சார்ஜ் போட்டுக்கிட்டே ஆடினா சூடேறி பிராசசர் வேகத்தைக் குறைச்சிக்கிடும், அதனால முன்னாலயே 100 ஏத்தி வைங்க.

பெரிசா யாரும் கவனிக்காத ஒண்ணு: போன ஆட்டத்தை அலசுற டேப் திறந்தபடியே கிடக்கது. அதுல ஸ்டாக்ஃபிஷ்ங்கிற எஞ்சின் ஓடுறது உங்க மெஷின்லதான், சர்வர்ல இல்ல. சிபியு முழுசையும் தின்னும். அடுத்த ரவுண்டு போர்டு அதனால தத்தி நிக்கும். ஆட்டம் முடிஞ்சதும் அந்த டேப்பை மூடணும்.

கரண்ட். துணைமின் நிலையம் வாரியா மாதாந்திரப் பராமரிப்புன்னு காலை 9 மணிக்குப் போகும், முந்தின நாள் பேப்பர்ல ஊர் பேரோட வரும். அதைப் பாத்துத் தேதி வைங்க, 40 பேர் வீடும் ஒரே நிலையத்துல இருக்காது.

வள்ளியூர்_பிஷப் | பதிவு 9

எங்க பக்கம் வேற கதை. ஆனி ஆடிக் காத்துல தென்ன மட்டை விழுந்து தொங்குற இழை அறுந்துரும். இது மார்கழிப் போட்டி, அந்த வகையில தப்பிச்சோம். வடகிழக்கு மழை மிச்சம் இருந்தா இடி பாக்கணும். மாத்து ஏற்பாடா போன் ஹாட்ஸ்பாட் ஒண்ணு தயாரா வைக்கச் சொல்லுங்க. முன்கூட்டியே ஒரு தரம் இணைச்சி பாஸ்வேர்டு பதிஞ்சிருக்கணும். ஆட்டம் நடக்கயில பாஸ்வேர்டு தேடுனா 2 நிமிசம் போயிரும்.

களக்காடு, பாபநாசம் மாதிரி மலையடிவாரத்துல போன் 4ஜிக்கும் 5ஜிக்கும் தாவிட்டே இருக்கும், ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு வெட்டு. செட்டிங்ஸ்ல 4ஜி மட்டும்னு பூட்டினா வேகம் குறையும், வெட்டு நிக்கும். செஸ்ஸுக்கு அதுவே போதும்.

மேசை_நடுவர் | பதிவு 10

இரண்டாவது புகாருக்கு வருகிறேன். விதியில் "எஞ்சின் கூடாது" என்று ஒரு வரி எழுதி நிறுத்திவிடாதீர்கள். வெளியுதவி என்பதன் எல்லை அதைவிடப் பெரிது. நேரடி ஆட்டத்தில் எஞ்சின், ஓப்பனிங் புத்தகம் (தொடக்க நகர்வுத் தொகுப்பு) அல்லது டேட்டாபேஸ், எண்ட்கேம் டேபிள்பேஸ் (சில காய்களே மிஞ்சிய நிலைகளுக்கான விடைத் தொகுப்பு), இன்னொரு ஆள், இவை நான்குமே கூடாது. தாத்தா பின்னால் நின்று "குதிரைய எடுல" என்று சொன்னாலும் அது வெளியுதவிதான். 2021-இல் ஆனந்துடன் நடந்த நன்கொடை ஆட்டத்தில் தொழிலதிபர் ஒருவர் வென்றது நினைவிருக்கும். ஆட்களும் கம்ப்யூட்டரும் உதவியதாக அவரே மறுநாள் ஒப்புக்கொண்டார்.

நாள்கணக்கில் ஆடும் கரஸ்பாண்டன்ஸ் ஆட்டத்தில் மட்டும் ஓப்பனிங் புத்தகம் பார்க்கலாம். அங்கும் எஞ்சின் கூடாது. பல பிள்ளைகள் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இன்னும் இரண்டு. ஒருவருக்கு ஒரு கணக்குதான். பயிற்சியாளரோ அக்காவோ பிள்ளையின் கணக்கில் "சும்மா ஒரு ஆட்டம்" ஆடினால்கூட அது மீறல். வேண்டுமென்றே தோற்று ரேட்டிங்கை (ஆட்டத்திறன் எண்ணை) இறக்கிக்கொண்டு கீழ்ப்பிரிவில் சேருவதும் மீறல்.

ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இருவரும் ஆடினால் ஒரே ஐபி முகவரி வரும். அது மட்டும் குற்றமாகாது. ஆனால் அவர்கள் இருவரும் மோதினால் பேச்சு வரும். லிச்சஸ் ஸ்விஸ் அமைப்பில் இந்த இருவர் மோதக்கூடாது என்று ஜோடிகளைத் தடுத்து வைக்க இடம் உண்டு. பயன்படுத்துங்கள்.

அம்பை_சிப்பாய் | பதிவு 11

கண்டுபிடிக்கிறதுதான கஷ்டம் சார். ஆட்டம் முடிஞ்சதும் துல்லியம் (எஞ்சின் கணிப்போட நம்ம நகர்வு எவ்வளவு ஒத்துப்போச்சுன்னு தளம் போடுற சதவீதம்) 95-க்கு மேல காட்டுச்சின்னா எஞ்சின்தான்னு வச்சிரலாமா?

மேசை_நடுவர் | பதிவு 12

கூடவே கூடாது. எதிராளி 9-ஆவது நகர்வில் ராணியைத் தானம் செய்து 16-இல் மேட் ஆனால், 1200 ரேட்டிங் பையனுக்கும் 97 வரும். அங்கே தவறு செய்யவே வாய்ப்பில்லை. மனப்பாடமான ஓப்பனிங்கில் 14 நகர்வு ஓடினாலும் அப்படியே.

நடுவர் பார்க்க வேண்டியது நேரத்தை. நகர்வுப் பட்டியலோடு ஒவ்வொன்றுக்கும் ஆன நேரத்தை வைத்துப் பாருங்கள். காயை வெட்டியவனைத் திருப்பி வெட்டுவதற்கு 1 செகண்ட் போதும். யாருக்கும் அதற்கு மேல் வேண்டாம். யானையைப் பலி கொடுத்து ஐந்து நகர்வு தள்ளிப் பலன் வரும் நிலைக்கு 1 நிமிடமாவது ஆகும். இரண்டுக்கும் சொல்லிவைத்தாற்போல் 7 செகண்ட், 8 செகண்ட் என்று எடுத்தால் சந்தேகத்துக்கு இடமுண்டு. அதுவும் ஓர் ஆட்டத்தில் அல்ல, நாலைந்து ஆட்டத்தில் தொடர்ந்து வந்தால்.

அப்போதும் தீர்ப்பு நம்முடையது அல்ல. ஆட்ட இணைப்போடு தளத்துக்குப் புகார் அனுப்புங்கள். அவர்களிடம் நமக்குத் தெரியாத தரவு உண்டு: ஆட்டத்தின் நடுவில் வேறு சன்னலுக்குப் போனாரா என்பதைக்கூட லிச்சஸ் பதிவு செய்கிறது. குழுவிலோ சாட்டிலோ பெயர் சொல்லிக் "கள்ளன்" என்று எழுதுவதைத் தளங்களே தடை செய்திருக்கின்றன. பத்து வயதுப் பிள்ளை மேல் அந்தச் சொல் விழுந்தால் அழிக்க முடியாது.

கேபிள்_குதிரை | பதிவு 13

இதுல ஒரு குறுக்கு வினை இருக்கு சார். லைன் தடங்கினாலும் நேரம் அந்த மாதிரித்தான் தெரியும். எதிராளி நகர்வு இவனுக்கு 5 செகண்ட் சுணங்கி வருது, உடனே பதில் வைக்கான். பட்டியல்ல எல்லா நகர்வும் 6, 7 செகண்டா நிக்கும். அதே மாதிரி வைஃபை போனா செட்டிங்ஸ் திறந்து ஹாட்ஸ்பாட்டுக்கு மாத்துவான், சன்னல் மாறினதா பதிவாகும். பாக்குறவனுக்கு எஞ்சின் மாதிரி இருக்கும்.

மேசை_நடுவர் | பதிவு 14

நல்ல குறிப்பு. அதனால்தான் தடங்கலை அந்த நிமிடமே குழுவில் எழுதச் சொல்ல வேண்டும். "நெட் போச்சு, ரவுண்டு 3" என்று ஒரு வரி. நேரத்தோடு அது கிடந்தால் பின்னால் சாட்சி.

தாமிரபரணி_ராணி | பதிவு 15

கேமரா வைக்கப் போறிங்களா? எல்லாப் பிள்ளைகளையும் முதல்லயே திருடனாப் பாக்குற மாதிரி இருக்கு. அதுபோக எல்லா வீட்டுலயும் ரெண்டாவது போன் கிடையாது.

மேசை_நடுவர் | பதிவு 16

அக்கா, 40 பேருக்கும் வேண்டாம். கடைசி இரண்டு ரவுண்டில் முதல் நான்கு போர்டுக்கு (புள்ளியில் முன்னணி ஜோடிகளுக்கு) மட்டும் போதும். பரிசு அங்கேதான் தீர்மானமாகிறது.

கேமராவை முகத்துக்கு நேரே வைப்பது வீண். பிள்ளைக்குப் பின்னால் ஒரு பக்கமாக, 45 பாகையில், 1.5 மீட்டர் தள்ளி ஸ்டூல் மேல் வையுங்கள். திரை, இரண்டு கை, மேசை மூன்றும் ஒரே சட்டத்தில் தெரிய வேண்டும். ஹெட்போன் கூடாது. மைக் திறந்திருக்க வேண்டும்.

தென்காசிச்_சாரல் | பதிவு 17

இதுலதான் பெரும்பாலான போட்டி கவுருது. ஆடுற போன்லயே ஜூம் ஓடச் சொல்லுவாங்க, திரைப் பகிர்வும் கேப்பாங்க. கேமரா, திரை ரெண்டும் சேந்தா 1-லருந்து 2 எம்பிபிஎஸ் அப்லோட். 3 ஜிபி ரேம் போன் 20 நிமிசத்துல தோசைக்கல் மாதிரி ஆயிரும். பிறகு லேக். பிறகு "என் நேரம் போச்சி"ன்னு அப்பீல். கண்காணிக்கப் போய் நாமளே கோளாற உண்டாக்குறோம்.

கேமரா போன் தனி, அது மொபைல் டேட்டால. ஆடுற மெஷின் வீட்டு லைன்ல. ரெண்டாவது போன் இல்லாத பிள்ளைக்கு பக்கத்து ஊர்ல ஒரு பள்ளிக்கூட ரூம், ஒரு வாத்தியார் மேற்பார்வை. கேமராவே வேண்டாம்.

பாளை_யானை | பதிவு 18

இது நல்லாருக்கு. அம்பைலயும் வள்ளியூர்லயும் ஒரு ரூம் ஏற்பாடு பண்ணிரலாம். அடுத்தது: நெட் போயி தோத்தா என்ன செய்ய? மறு ஆட்டமா?

மேசை_நடுவர் | பதிவு 19

2020 ஆன்லைன் ஒலிம்பியாடை எடுத்துக்கொள்ளுங்கள். காலிறுதியில் ஆர்மீனிய வீரர் ஒருவர் இந்தியாவுக்கு எதிரான ஆட்டத்தில் இணைப்பு அறுந்து தோற்றார். முறையீடு தள்ளுபடி, ஆர்மீனியா போட்டியை விட்டே விலகியது. இரண்டு நாள் கழித்து ஆகஸ்ட் 30-இல் இறுதிப் போட்டி. நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் ரஷ்யாவுக்கு எதிராக இணைப்பு அறுந்து நேரத்தில் தோற்றார்கள். அன்றைக்கு பல தளங்கள் நம்பியிருக்கும் கிளவுட்ஃபிளேர் இணையச் சேவையே உலகம் முழுக்கப் பாதிக்கப்பட்டிருந்தது. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே இரு நாட்டுக்கும் தங்கம் கொடுத்தது.

அந்தத் தீர்ப்பு சரியா என்று இன்றும் சண்டை போடலாம். நமக்கு வேண்டியது அந்தக் கோடு மட்டும்: உன் வீட்டு இணைப்பு உன் பொறுப்பு, எல்லாருக்கும் போனால் நடுவர் பொறுப்பு. "ஒரே ரவுண்டில் 8 பேருக்கு மேல் தடங்கல் என்று அந்த நேரத்திலேயே எழுதியிருந்தால் ரவுண்டு மறுபடி நடக்கும், 8 அல்லது அதற்குக் கீழே என்றால் முடிவு நிற்கும்" என்று எண்ணோடு எழுதுங்கள். எண் இல்லாத விதி அன்றைக்கு யார் சத்தம் போடுகிறார்களோ அவர்கள் பக்கம் சாயும்.

வள்ளியூர்_பிஷப் | பதிவு 20

தளம் மாத்தி வந்த பிள்ளைகளுக்கு இன்னும் ரெண்டு வித்தியாசம் சொல்லிருங்க, இல்லைன்னா இதுவும் புகாரா வரும்.

முன்நகர்வு (எதிராளி ஆடுறதுக்கு முன்னாலயே அடுத்த நகர்வப் போட்டு வைக்கது): செஸ்.காம்ல வரிசையா பல முன்நகர்வு போட்டு வைக்கலாம், ஒவ்வொண்ணுக்கும் 0.1 செகண்ட் கழியும். லிச்சஸ்ல ஒண்ணே ஒண்ணுதான், ஆனா நேரம் கழியாது.

நேரம் முடிஞ்சா: எதிராளிகிட்ட ராஜாவும் ஒத்தைக் குதிரையும், உங்ககிட்ட ராஜாவும் ஒரு சிப்பாயும். உங்க நேரம் முடிஞ்சிது. செஸ்.காம்ல டிரா. லிச்சஸ்ல தோல்வி, ஏன்னா அந்தச் சிப்பாயே உங்க ராஜாவுக்கு வழிய அடைச்சி மேட் ஆகுற நிலை ஒண்ணு சாத்தியம். ஃபிடே விதியும் லிச்சஸ் பக்கம்தான்.

தாமிரபரணி_ராணி | பதிவு 21

சின்னப் பிள்ளைகளுக்கு லிச்சஸ்ல கிட் மோடு போடச் சொல்லுங்க, சாட்டே வராது. பாதி வாய்த்தகராறு அதுலயே நின்னுரும்.

பாளை_யானை | பதிவு 22

சரி, எழுதிக்கிட்டேன். 10+5, நாலு வகை வெளியுதவி, சகோதரர் ஜோடித் தடை, முதல் நாலு போர்டு கேமரா, 8 பேர் விதி. யாராவது மாட்டினா அவன்கிட்ட தோத்தவங்களுக்குப் புள்ளி உண்டா?

மேசை_நடுவர் | பதிவு 23

ரேட்டிங்கைத் திருப்பிக் கொடுப்பது தளத்தின் வேலை. போட்டிப் புள்ளி நம்முடையது. போட்டி முடிந்து 3 நாளுக்குள் கணக்கு முடக்கப்பட்டால் அவர் பட்டியலிலிருந்து நீங்குவார், மற்றவர்கள் ஒரு படி மேலே வருவார்கள். பழைய ஆட்டங்களின் புள்ளி மாறாது. பரிசை அந்த 3 நாள் கழித்துக் கொடுங்கள்.

பாளை_யானை | பதிவு 24

நல்லது. கடைசியா, அந்த ரெண்டு ரூமுக்கும் கரண்ட் போனா? பேட்டரி இன்வர்ட்டர் இருக்கு.

தென்காசிச்_சாரல் | பதிவு 25

இன்வர்ட்டர் மாறுற இடைவெளில ரவுட்டர் ஒரு தரம் அணைஞ்சி எழும்பினா 2 நிமிசம் காலி. இன்வர்ட்டர்ல யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருந்தா அதுல போடுங்க, இடைவெளி குறையும். அதைவிட ரவுட்டருக்குன்னே 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒண்ணு வாங்கிருங்க. 10,400 எம்ஏஎச்னு போட்டிருந்தா உள்ள 38 வாட்-அவர் பக்கம், ரவுட்டர் 8 வாட் இழுத்தா 3 மணி நேரம் தாராளமா நிக்கும். வாங்குறதுக்கு முன்னால ரவுட்டர் அடாப்டர்ல 12 வோல்ட்தானான்னு பாருங்க, 9 வோல்ட்லயும் வருது. பின்னும் பாக்கணும்: வெளிச்சுத்து 5.5 மில்லிமீட்டர் ஒண்ணு போலத் தெரியும், உள்ள துளை 2.1-ம் உண்டு, 2.5-ம் உண்டு. 2.1-க்கு 2.5 வாங்கினா சொருகும், ஆனா ஆடிட்டே இருக்கும், யாராவது மேசையத் தட்டினா அணைஞ்சிரும்; 2.5-க்கு 2.1 வாங்கினா உள்ளயே போகாது.

பாளை_யானை | பதிவு 26

அம்பை ரூம்ல 12 வோல்ட், 1.5 ஆம்ப். வள்ளியூர் ரூம் அடாப்டர் போட்டோ சாயங்காலம் போடுதேன், பின் அளவு பாத்துச் சொல்லுங்க.